அறுநூறு மீட்டர் வட்டம்

ஓடக் கிளம்பும் முன் ரமணி புளியங்கொட்டைகளை எண்ணுவாள். சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் கழுவிக் காயவைத்த கொட்டைகள். அன்றைக்கு எத்தனை சுற்று என்று முடிவு செய்துகொண்டு, கொட்டைகளை உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிக் கால்சட்டையின் இடது பையில் போட்டுக்கொள்வாள். கீழே ஒவ்வொரு சுற்று முடியும்போதும், சி பிளாக் மூலையிலிருக்கும் குப்பைத் தொட்டியைத் தாண்டுகிற அதே நொடியில், இடது பையிலிருந்து ஒரு கொட்டை வலது பைக்குப் போகும். கால் நிற்காது, கண் குனியாது. கணக்கெல்லாம் விரல் நுனியில்தான். கோயிலில் நூற்றெட்டு சுற்றுகிற பெண்கள் பூவை வைத்து எண்ணுவதைப் பார்த்து வந்த பழக்கம். கையில் கட்டியிருக்கும் கடிகாரமும் தூரத்தை அளக்கும்தான். ஆனால் நான்கு அடுக்குமாடிகளுக்கு நடுவே அதற்குத் திசை குழம்பிவிடும். ஒரு நாள் அவள் பி பிளாக் கூரை வழியாகப் பக்கத்துத் தொழிற்சாலைக்குள் ஓடிவிட்டு வந்ததாகக் காட்டியது.

மலேசியாவின் கிள்ளானில் துறைமுகம் போகும் சாலைக்கு உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் குடியிருப்பு. நான்கு பக்கமும் ஐந்து மாடிக் கட்டடங்கள், ஒன்றிலும் லிஃப்ட் கிடையாது. நடுவில் கார்கள், ஒரு புல்திடல், திடலின் மத்தியில் மரத்தடியில் முனீஸ்வரர். இவற்றைச் சுற்றி ஒரு தார்ச்சாலை. ஒரு சுற்று அறுநூறு மீட்டர். எந்த வீட்டு ஜன்னலைத் திறந்தாலும் அந்தச் சாலைதான் தெரியும். ரமணிக்கு அதுதான் வேண்டியிருந்தது. பி பிளாக் நான்காம் மாடியில், மூன்றாவது ஜன்னலில் அவள் கணவர் பரமேஸ்வரன் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் கட்டம்போட்ட துண்டை ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவார். துண்டைப் பார்த்தால் எண்பது படிகள் ஏறி மேலே போவாள்.

பரமேஸ்வரன் இருபத்தாறு வருடம் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு சற்றுக் குழறினாலும் வாய் பழைய வாய்தான். அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கியது ஐந்து தடவை. ஐந்தும் மருத்துவமனைக்கு. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ரமணி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு வரும் தொலைபேசிகளுக்குக் காலை எட்டரை முதல் ஐந்தரை வரை மூன்று மொழிகளில் பதில் சொல்வது. காதில் மாட்டியதைக் கழற்றினால் சமையல், துணி, அவருடைய குளியல், பயிற்சி.

முதல் வருடம் ஒரு நாள் அவள் பாசாருக்கு மீன் வாங்கப் போய்விட்டு வர நாற்பது நிமிடமாகியது. திரும்பி வந்தபோது பரமேஸ்வரன் குளியலறையின் ஈரத் தரையில் கிடந்தார். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொண்டதில்லை. ஜன்னலுக்குத் தெரியாத இடத்துக்கு இனி போவதில்லை என்று ஒரு சட்டம் மட்டும் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை யார் போட்டார்கள் என்று இருவருக்குமே சொல்லத் தெரியாது. எப்போதாவது வெளியே போயே ஆகவேண்டும் என்றால் பக்கத்து வீட்டு வீரம்மா வந்து உட்கார்ந்துகொள்வார்.

அப்படி இருக்கும்போதுதான் மார்ச் மாதம் ரமணி கோலாலம்பூரில் அக்டோபரில் நடக்கும் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஏழு மணி நேரத்துக்குள். அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. பதக்கத்தின் மீது பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கண்ணுக்கு முன்னால் சாலை நீண்டுகொண்டே போகவேண்டும், குப்பைத் தொட்டி மறுபடி வரக்கூடாது. அவ்வளவுதான். அதை அப்படியே யாரிடமும் சொல்ல முடியாது. கணவரிடம், "உடம்புக்கு நல்லதாம்" என்றாள்.

பரமேஸ்வரன் வரைபடத்தைக் கைப்பேசியில் வாங்கிப் பார்த்தார். லோரிக்காரர், வரைபடம் என்றால் ஆழ்ந்துவிடுவார்.

"இதுவும் சுத்தித்தான வருது? கெளம்புன எடத்துலயே முடியுது."

"ஆமா."

"அதுக்கு எதுக்கு காசு குடுத்து கோலாலம்பூர் போகணும்? இங்கயே சுத்தலாமே. நான் கைத்தட்டுறேன், ஒரு கையால."

ஜூலை மாத நடுவில், வெயில் காலை ஏழு மணிக்கே முதுகில் ஏறிக்கொள்ளும் நாட்களில், ரமணியின் வலது இடுப்பில் ஒரு வலி வந்தது. முதலில் இருபதாவது சுற்றில் எட்டிப் பார்த்தது. பிறகு பத்தாவதில். பிறகு படி இறங்கும்போதே. ஒரு சனிக்கிழமை வீரம்மாவை உட்காரவைத்துவிட்டு ரயிலேறிக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். அங்கே ஒரு பழைய கடையின் மாடியில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையம். கமலநாதன் என்பவருடைய கை அவளுக்கு வாய்த்தது. ஐம்பது வயதிருக்கும். வானொலியில் பந்து விளையாட்டு கேட்டுக்கொண்டே தொடையையும் இடுப்பையும் அழுத்திக்கொண்டு வந்தவர், வானொலியைக் குறைத்தார்.

"ஓடுவீங்களாம்மா?"

"ஆமாண்ணே."

"வட்டமா ஓடுறீங்க."

"எப்படித் தெரியும்?"

"வலது பக்கம் இரும்பாட்டம் இருக்கு. இடது பக்கம் லீவுல இருக்கு. ஒரே பக்கம் திரும்பித் திரும்பி ஓடுனா இப்படித்தான் ஆகும். மாத்தி ஓடுறதுக்கென்ன?"

"நடுவுல முனீஸ்வரர் இருக்காருண்ணே."

அழுத்திய கை நின்றது. "அதுக்கு?"

"இடப்பக்கமா சுத்தக் கூடாதுல்ல."

கமலநாதன் சிரித்த சிரிப்பில் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர் என்ன என்ன என்று கேட்டார். "எத்தனை சுத்து சுத்தியிருப்பீங்க?"

ரமணி மனத்துக்குள் கொட்டைகளைக் கூட்டினாள். "இந்த வருசத்துல ஆயிரத்து அறுநூறு இருக்கும்."

"நீங்க நின்னுருந்தா அவரே எறங்கி வந்து போதும்மான்னு சொல்லியிருப்பாரு. நீங்க நின்னாத்தானே!" மறுபடி அழுத்தத் தொடங்கினார். "ஆறு வாரம் ஓடாதீங்க. சைக்கிள் மிதிங்க. மூச்சும் கெடாது, இடுப்பும் ஆறும்."

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுண்ணே."

"எனக்கும்தான் தெரியாது," என்றார் கமலநாதன்.

ஆறு வாரம் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை விடியலில் கீழே இறங்கியவள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இடது பக்கம் திரும்பி ஓட ஆரம்பித்தாள். அதே சாலை. ஆனால் எல்லாமே வேறு மாதிரி வந்தது. கார்கள் முகத்தைக் காட்டின. ஏ பிளாக் முதலில் வந்தது. வலியும் இல்லை. கால் சுற்றுதான் போயிருப்பாள், முனீஸ்வரருக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்த வீரம்மா நிமிர்ந்துவிட்டார்.

"ஏய் ரமணி! எந்தப் பக்கமா போற?"

"இடுப்பு வலிக்குதுக்கா, அதான் மாத்தி..."

"வலிச்சா வீட்டுல படு. சாமிய இடது கையில வச்சா சுத்துவ? மேல ஒருத்தரு அரை ஒடம்போட ஒக்காந்திருக்காரு, ஞாபகம் இருக்கட்டும்!"

அதற்குள் கைப்பேசி அடித்தது. ஜன்னலிலிருந்து பரமேஸ்வரன். "என்ன, எனக்கு மிச்சமிருக்கிற பக்கத்தயும் முடிச்சுரலாம்னு பாக்குறியா?"

அவர் கேலிக்குத்தான் சொன்னார். ரமணிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால்? நின்று, திரும்பி, வலது பக்கமாகவே நடந்து வீட்டுக்குப் போனாள். அன்று மாலையே வீரம்மாவின் மகள் விட்டுப்போன சைக்கிளைக் கேட்டு வாங்கினாள். ரோஜா நிறம், முன்னால் கூடை, துருப்பிடித்த மணி.

நாற்பத்து நான்கு வயதில் சைக்கிள் பழகுவதை நான்கு கட்டடங்களின் ஜன்னல்களும் பார்த்தன. மீன் குழம்புக்குத் தாளித்துக்கொண்டே பார்த்தார்கள், பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார்கள். ஏ பிளாக் படிக்கட்டில் சிகரெட் பிடிக்கிற ஒருவன், "ஆன்டி, ஒலிம்பிக்கா?" என்று தினமும் கேட்டான். பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. வீரம்மா ஒரு நாள் பிடித்தார். அவரும் சேர்ந்து விழுந்ததோடு சரி. அப்போதுதான் பரமேஸ்வரன், "காதுல போன மாட்டு, நான் சொல்றேன்" என்றார்.

லோரியைப் பின்னுக்கு எடுக்கும்போது கீழே நிற்கும் உதவியாள் கத்துகிற மலாய்ச் சொற்களைத்தான் அவர் மேலிருந்து சொன்னார். இடது என்றால் கீரி, வலது என்றால் கானான், பின்னால் என்றால் கோஸ்தான்.

"நேரா பாரு. சக்கரத்த பாக்காத. கானான், கானான், லேசா... கைய ஏன் இப்படிப் புடிக்கிற? கோழி கழுத்தா அது?"

"பேசாம இருங்களேன், விழுந்துருவேன்."

"விழு. நான் மூணு லோரிய கவுத்துட்டுதான் நல்லா ஓட்டக் கத்துக்கிட்டேன்."

"மூணா? ஒண்ணுன்னுதான சொன்னீங்க, பொண்ணு பாக்க வந்தப்ப?"

"அப்ப ஒண்ணுதான்."

இரண்டு வருடத்தில் அவர் குரலில் இத்தனை சுறுசுறுப்பை அவள் கேட்டதில்லை. அது சந்தோஷமாகவும் இருந்தது, காதுக்குள் ஓர் ஆளை வைத்துக்கொண்டு சுற்றுவது மூச்சு முட்டவும் செய்தது. பகலெல்லாம் காதில் வாடிக்கையாளர்கள், காலையில் இவர். மூன்றாவது வாரம் அவள் விழாமல் சுற்ற ஆரம்பித்தாள். வலது பக்கமாக மட்டும். இடது பக்கம் திரும்ப அவளுக்குத் தேவையே வரவில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை, எரிவாயு உருளை ஏற்றிய லோரி ஒன்று வாசல் வழியாக உள்ளே திரும்பி, அவள் போகிற சாலையை முக்கால்வாசி அடைத்தது. ரமணிக்குத் திரும்பவும் வழியில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை. லோரிக்கும் வாசல் தூணுக்கும் இடையில் இருந்த இடைவெளியில் புகுந்து வெளியே வந்துவிட்டாள்.

வெளியே தொழிற்சாலைகளின் மதிலை ஒட்டி நீண்ட நேர்ச்சாலை. ஞாயிறு என்பதால் ஒரு வண்டி இல்லை.

"ரமணி, காணோம். எங்க இருக்க?"

"வெளிய."

"வெளியன்னா?"

"கேட்டுக்கு வெளிய. லோரி வந்துருச்சு, நேரா வந்துட்டேன்."

"சரி சரி, கானான் அடிச்சுத் திரும்பி வா."

"கானான் அடிச்சா கால்வாய்க்குள்ளதான் போவேன்."

"பிரேக்க புடி. எறங்கு."

பிரேக் விரலுக்கு அடியிலேயே இருந்தது. அவள் பிடிக்கவில்லை. சாலை சற்று இறக்கமாக இருந்தது, சைக்கிள் தானே போயிற்று. சட்டைக்குள் காற்று புகுந்து முதுகுப்பக்கம் உப்பியது. மதில், மரம், மதில், ஒரு நாய், மூடிய கேட். ஒன்றும் இரண்டாம் முறை வரவில்லை. காதில் பரமேஸ்வரனின் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தூரத்தில் பெட்ரோல் நிலையத்தின் பலகை தெரிய ஆரம்பித்தது.

"பாத்ரூம் போகணும்," என்றார்.

அவள் பிரேக்கைப் பிடித்தாள். இறங்கி, சைக்கிளைக் கையாலேயே திருப்பி, ஏறி, மேட்டில் மூச்சு வாங்க மிதித்து, எண்பது படிகளையும் இரண்டிரண்டாக ஏறி வந்து கதவைத் திறந்தாள். பரமேஸ்வரன் நாற்காலியில் அப்படியே இருந்தார்.

"வாங்க, எழுந்திரிங்க."

"இப்ப வரல," என்றார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. குளிப்பாட்டினாள், சோறு பிசைந்து வைத்தாள், மாத்திரை கொடுத்தாள், எல்லாம் வாய் திறக்காமல். மாலையில் அவராகவே கேட்டார்.

"அந்த பெட்ரோல் ஸ்டேசன் எவ்வளவு தூரம் இருக்கும்?"

"ஒண்ணரை கிலோமீட்டர்."

"அது வரைக்கும் போ. அதுக்கு மேல வேணாம். காதுல போன் இருக்கட்டும்."

இப்படி அறுநூறு மீட்டர் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆயிற்று. ஆறு வாரம் முடிந்து அவள் மறுபடி ஓட ஆரம்பித்தபோது வாசலுக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும் இடையே போய்வந்தாள். போகும்போது இடுப்பு வலிக்கவில்லை, வரும்போதும் வலிக்கவில்லை. செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிறன்று பத்து முறை போய் வந்து முப்பது கிலோமீட்டரை முடித்தாள். பரமேஸ்வரன் தொலைபேசி திறந்திருப்பதையே மறந்துவிடுவார். அவர் இருமுவது, செய்தி வாசிக்கிறவரைத் திட்டுவது, பிறகு குறட்டை. நான்கு மணி நேரம் அந்தக் குறட்டையைக் காதில் வைத்துக்கொண்டு ரமணி ஓடினாள். குறட்டை நின்றால் அவள் கால் தன்னால் மெதுவாகிவிடும்.

பந்தய நாளுக்கு ஏற்பாடு இதுதான்: விடியற்காலை நான்கு மணிக்கு ஓட்டம் ஆரம்பம். ரமணி இரண்டு மணிக்கே வாடகைக் காரில் கிளம்ப வேண்டும். பரமேஸ்வரன் விழிக்கும் முன், ஐந்து மணிக்கு வீரம்மா சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்து, அவள் திரும்பும் வரை அவரோடு இருக்க வேண்டும்.

"போன் பண்ணாதீங்கக்கா, என்னால பேச முடியாது. மணிக்கு ஒரு மெசேஜ் போடுங்க, போதும். வரலன்னா நான் ஓட்டத்த விட்டுட்டு வந்துருவேன்."

"போட்டுர்றேன் லா. நீ ஓடு."

ஓட்டம் பற்றி ரமணி பிறகு யாரிடமும் அதிகம் பேசியதில்லை. கூட்டமாக இருந்தது, இருட்டாக இருந்தது, சாலை போய்க்கொண்டே இருந்தது என்பாள். ஆறு மணிக்கு இடுப்புப் பையில் கைப்பேசி அதிர்ந்தது: "எழுந்துட்டாரு." ஏழு மணிக்கு: "இட்லி ரெண்டு சாப்பிட்டாரு." எட்டு மணிக்கு: "டிவி பாக்குறாரு. பிரச்சினை இல்ல."

முப்பத்தோராவது கிலோமீட்டரில் ஒரு நீண்ட மேடு. வெயில் ஏறிவிட்டது. இடுப்பில் பழைய வலி வந்து உட்கார்ந்தது, அவள் நடக்க ஆரம்பித்தாள். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் பேருந்து பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது. உள்ளே ஏழெட்டு பேர் தலையில் துண்டோடு, கண்ணாடியில் சாய்ந்து, குளிர்ந்த காற்றில். கதவு திறந்தே இருந்தது. மணி ஒன்பது ஐந்து ஆகியும் கைப்பேசி அதிரவில்லை. ரமணி பேருந்தைப் பார்த்தாள். அதில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருக்கலாம். ஈரத் தரை நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கப் போனபோது இடுப்புப் பை அதிர்ந்தது.

"பாத்ரூம் போய்ட்டு வந்தாரு. நான் புடிச்சுக்கிட்டேன். நீ ஓடு."

அவள் ஓடினாள். பத்து மணிக்கு, "தூங்குறாரு." ஆறு மணி நேரம் ஐம்பத்தோரு நிமிடத்தில் முடித்தாள். கழுத்தில் பதக்கத்தை மாட்டிய பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு, நிழலில் உட்காராமல், ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. எண்பது படிகளையும் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏறினாள். வீரம்மா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரன் ஜன்னலருகே. அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை, "தண்ணி."

கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். இரண்டாவது. மூன்றாவது.

"ஓடிட்டு வந்தது நானு, தாகம் உங்களுக்கா?" சிரிப்பாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது கோபமாகிவிட்டது. "இத்தனை மணி நேரம் அக்கா இருந்தாங்கல்ல, அவங்ககிட்ட கேக்க வேண்டியதுதான?"

வீரம்மா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மெடல காட்டு," என்றார் பரமேஸ்வரன். இடது கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "தகரம்." பிறகு, "கெளம்புன எடத்துலதான முடிச்ச?"

"ஆமா."

"நான்தான் சொன்னேன்ல," என்றவர் பாத்ரூமுக்குக் கைநீட்டினார். அவள் தாங்கிக்கொண்டு கூட்டிப்போனாள். வெகு நேரம் ஆயிற்று.

அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் பழையபடி. எட்டரைக்குக் காதில் வாடிக்கையாளர்கள், ஐந்தரைக்குப் பிறகு சமையல், காலையில் வாசலுக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும் இடையே ஓட்டம். அடுத்த ஆண்டுக்குப் பெயர் கொடுப்பதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வீரம்மா வாயைத் திறந்தது டிசம்பரில்தான். மார்கழி பிறந்த அன்று, விளக்கு வைத்த கையோடு, சாமி முன்னால் மறைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டார். அன்று ஐந்து மணிக்கு அவர் கதவைத் திறந்தபோது பரமேஸ்வரன் எப்படியோ எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். வீரம்மாவின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போகச் சொன்னாராம், ஆள் இல்லாமல் தன்னால் இருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும், பன்னிரண்டு மணிக்கு முன்னால் வரக்கூடாது என்றாராம். வீரம்மாவுக்கு எழுத்துத் தட்டத் தெரியாது, அதை ரமணியிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் அன்று தலையாட்டியிருந்தார். ஐந்து செய்திகளையும் இடது கைக் கட்டை விரலால் அவரே தட்டியிருக்கிறார். அவர் அன்று குளியலறைக்குப் போகவில்லை. இட்லியைத் தொடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டி வரக்கூடாது என்று, முந்தைய நாள் மாலை ஆறு மணியிலிருந்தே அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.